எண்களால் ஊதிய டிரம்பெட்

கணினி நிரல் ஒன்று கணக்கிட்டுத் தந்த எண்களிலிருந்து பிறந்த முதல் இசைத்துண்டின் நீளம் 17 நொடி. கேட்டால் 17 நொடியே அதிகம் என்று தோன்றும். 1957-இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், மரே ஹில் என்ற ஊரில் இருந்த பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் என்ற மின்பொறியாளர் ‘மியூசிக்’ என்று ஒரு நிரலை எழுதினார். அவருடன் வேலை பார்த்த நியூமன் கட்மன் அதற்கு ‘தி சில்வர் ஸ்கேல்’ என்று ஒரு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். நிரலுக்குத் தெரிந்தது ஒரே குரல், ஒரே அலைவடிவம். சுருதி, ஒலியளவு, கால அளவு ஆகிய மூன்றை மட்டுமே மாற்ற முடியும். சுரங்கள் பிசகவில்லை, தாளமும் தப்பவில்லை. ஆனால் உயிர் இல்லை.

இதற்கு முன்பே, 1951-இல், ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் கணினிகள் பாட்டு வாசித்திருக்கின்றன. இயந்திரத்தோடு இணைந்திருந்த ஒலிபெருக்கிக்கு மின்துடிப்புகளை அனுப்பி ‘பீப், பீப்’ என்று எழுப்பிய மெட்டுகள் அவை. மேத்யூஸ் செய்தது வேறு வேலை. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்தால் எண்களின் வரிசை ஒன்று கிடைக்கும். அந்த வரிசையைத் திரும்ப மின்னழுத்தமாக மாற்றி ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால் பழைய ஒலி வந்துவிடும். அப்படியென்றால், அளக்காமலேயே, அதாவது மூல ஒலி எதுவுமே இல்லாமல், எண்களை மட்டும் கணக்கிட்டு எழுதினால்? உலகத்தில் எந்தக் கருவியும் எழுப்பாத ஒலி கேட்கும்.

ஒரு ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் குறைந்தது இரு மடங்கு வேகத்தில் அளக்க வேண்டும் என்பது விதி. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 எண்கள் இருப்பது இதனால்தான். அந்தக் காலத்தில் அவ்வளவு முடியாது. நொடிக்குப் பத்தாயிரம் என்று சிக்கனமாக வைத்துக்கொண்டாலும், 17 நொடி மெட்டுக்கு 1,70,000 எண்கள் வேண்டும். கணக்கைப் போட்ட ஐ.பி.எம். 704 இயந்திரம் இருந்தது நியூயார்க் நகரத்தில். எண்களைக் காந்த நாடாவில் ஏற்றி, நாடாவை மரே ஹில்லுக்கு எடுத்துவந்து, அங்கிருந்த மாற்றியில் ஓட்டித்தான் என்ன வந்திருக்கிறது என்று கேட்க முடிந்தது.

தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வகத்துக்கு இசை எதற்கு? பேச்சை எண்களாக்கி அனுப்ப முடியுமா என்பது அவர்களுடைய உண்மையான தொழில்; அதற்காக வாங்கிய கருவியில்தான் இசை ஒட்டிக்கொண்டது. மேத்யூஸ் ஓரளவு வயலின் வாசிப்பவர். ‘டிரான்சிஸ்டர்’ என்ற பெயரைச் சூட்டிய ஜான் பியர்ஸ் அவருக்கு மேலதிகாரி, இசைப்பித்தர். மேலதிகாரி கண்டுகொள்ளாமல் இருப்பதே ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி என்பார்கள். இங்கே பியர்ஸ் கண்டுகொண்டார், ஆனால் ஊக்கப்படுத்தவே கண்டுகொண்டார்.

1963-இல் ‘சயன்ஸ்’ இதழில் மேத்யூஸ் ஒரு கட்டுரை எழுதினார். கணினியை ஓர் இசைக்கருவியாகப் பார்த்தால், அது எழுப்பக்கூடிய ஒலிகளுக்குக் கோட்பாட்டளவில் எல்லையே இல்லை என்பது அதன் சாரம். கணிதப்படி நூற்றுக்கு நூறு உண்மை. எந்த ஒலியையும் எண்களாக எழுத முடியும் என்றால், எல்லா ஒலியும் ஏதோ ஓர் எண் வரிசைக்குள் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்த வரிசையில்? கண்ணை மூடிக்கொண்டு எண்களைக் கொட்டினால் இரைச்சல்தான் வரும். பாடநூலில் இருக்கும் சூத்திரப்படி எழுதினால் ‘சில்வர் ஸ்கேல்’ வரும். வயலின் போலவோ, மணி போலவோ, இதுவரை யாரும் கேட்காத, ஆனாலும் கேட்கத் தகுந்த ஒன்று போலவோ ஒலிக்க எண்களை எப்படிப் பொறுக்குவது? இந்தக் கேள்விக்கு 1963-இல் யாரிடமும் பதில் இல்லை. காது எதைக் கவனிக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்தால்தான் பதில் கிடைக்கும். அதைத் தேடிப் போனவர்களில் முக்கியமானவர்கள் இசையமைப்பாளர்கள். அவர்களுக்கு அது ஆராய்ச்சி ஆர்வம் மட்டுமல்ல, அடுத்த படைப்புக்கு வேண்டிய கச்சாப்பொருள்.

அவர்கள் பல்கலைக்கழகங்களை அண்டிய காரணம் எளிது. கணினி அங்கேதான் இருந்தது. ஐரோப்பாவில் மின்னணு இசை வானொலி நிலையங்களில் வளர்ந்தது. பாரிஸில் பியேர் ஷெஃபர் 1948-இல் ரயில் சத்தங்களைக் கோத்து இசையாக்கியது ஒரு வானொலிக் கூடத்தில்தான். அமெரிக்காவில் அந்த இடத்தைக் கொலம்பியா, பிரின்ஸ்டன், இல்லினாய், ஸ்டான்ஃபோர்டு பிடித்துக்கொண்டன. இல்லினாயில் லெஜாரன் ஹில்லர் என்ற வேதியியலர் 1957-இலேயே கணினியைக் கொண்டு நால்வர் தந்திக்குழுவுக்கு இசைக்குறிப்பு எழுதினார். ஆனால் அதை வாசித்தவர்கள் மனிதர்கள். இந்தக் கதைக்கு வேண்டியது குறிப்பு எழுதிய கணினி அல்ல, ஒலி எழுப்பிய கணினி. எனவே ஹில்லரை இங்கேயே விட்டுவிடுவோம்.

ழான்-க்ளோத் ரிஸே பிரெஞ்சுக்காரர், இயற்பியலர், பியானோ வாசிப்பவர், இசையமைப்பாளர். 1964-இல் பெல் ஆய்வகத்துக்கு வந்தார். அவர் எடுத்துக்கொண்ட வேலை டிரம்பெட். கணினியில் பித்தளைக் கருவியின் நாதத்தைக் கொண்டுவர எல்லோரும் முயன்று தோற்றிருந்தார்கள்.

தோல்விக்குக் காரணம் நூறாண்டு பழையது. ஒரு கருவியில் ‘ச’ வாசித்தால் ‘ச’ மட்டும் ஒலிப்பதில்லை. அடிப்படை அதிர்வெண் 440 ஹெர்ட்ஸ் என்றால், அதன் மடங்குகளான 880, 1320, 1760 என்று மேற்சுரங்களும் கூடவே ஒலிக்கின்றன. எந்த மேற்சுரம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்ற விகிதம்தான் வயலினையும் குழலையும் வேறுபடுத்துகிறது என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் எழுதிய நூல் சொன்னது. பாடநூல்கள் அப்படியே எடுத்துக்கொண்டன. எந்தப் பாடநூலைத் திறந்தாலும் டிரம்பெட்டுக்கு ஒரு படம், கிளாரினெட்டுக்கு ஒரு படம், உயரம் உயரமான கோடுகள். அந்தக் கோடுகளின் உயரத்தைக் கணினிக்குக் கொடுத்தால் வந்தது டிரம்பெட் அல்ல, ஏதோ ஆர்மோனியம் போல ஒன்று.

ரிஸே டிரம்பெட் ஒலியைப் பதிவு செய்து, அதைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் மேற்சுரங்களின் பலத்தைக் கணக்கிட்டார். படம் அசைய ஆரம்பித்தது. சுரம் தொடங்கும்போது கீழ் மேற்சுரங்கள் முதலில் எழுகின்றன. மேலே உள்ளவை நொடியின் நூறில் சில பங்கு தாமதித்து வருகின்றன. சுரம் முடியும்போது மேலே உள்ளவை முதலில் அடங்குகின்றன. பலமாக ஊதினால் எல்லாம் ஒரே அளவில் கூடுவதில்லை. உயர்ந்த மேற்சுரங்கள் தாழ்ந்தவற்றைவிட வேகமாகக் கூடுகின்றன. போதாததற்கு, சுருதி ஒரு நிலையில் நில்லாமல் மிக நுண்ணியதாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது நல்ல அளவீடாக இருந்திருக்கும். ரிஸே அடுத்த படிக்குப் போனார். அளந்த எல்லாவற்றையும் போட்டு ஒலியைக் கணினியில் மறுபடி கட்டினார், பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். இந்த நெளிவை நேர்க்கோடாக்கினால் காதுக்குத் தெரிகிறதா? இந்த ஏற்ற இறக்கத்தை எடுத்துவிட்டால்? பெரும்பாலான விவரங்களைக் காது பொருட்படுத்தவே இல்லை. எஞ்சியவற்றில் முதன்மையானது ஒரே விதி: ஒலி பலக்கும்போது உயர்ந்த மேற்சுரங்களின் பங்கு கூட வேண்டும். அதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் டிரம்பெட் வந்துவிடுகிறது. நிஜத்தையும் கணினியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தபோது தேர்ந்த இசைக்கலைஞர்களே தடுமாறினார்கள்.

கட்டிப் பார்த்து அறிவது என்ற இந்த முறை காதைப் பற்றிய ஆராய்ச்சியையே திருப்பிப்போட்டது. அலைமானியில் பெரிதாகத் தெரிவது காதுக்குப் பெரிது என்று நம்ப வேண்டியதில்லை. எடுத்துப் பார், கேட்டுப் பார். ரிஸே 1969-இல் கணினி ஒலிகளின் பட்டியல் ஒன்றையும் தயாரித்தார். ஒவ்வொரு ஒலிக்கும் எண்கள், செய்முறை, விளக்கம். பணம் வாங்கிக்கொண்டு கற்றுத்தரும் ரகசியம் என்று பூட்டி வைக்காமல், வேண்டுபவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அதில் முடிவில்லாமல் இறங்கிக்கொண்டே இருப்பதுபோல் கேட்கும் ஒலி ஒன்று உண்டு. ரோஜர் ஷெப்பர்டு என்ற உளவியலர் 1964-இல் படிப்படியாக ஏறும் சுரங்களில் காட்டிய காது மயக்கத்தை ரிஸே வழுக்கிச் செல்லும் ஒலியாக்கினார். ஹிரோஷிமாவில் குண்டு போடப்பட்டபோது வேவு விமானம் ஓட்டியவரைப் பற்றிய ஒரு நாடகத்துக்காக 1968-இல் அவர் செய்த இசையில் அந்த ஒலி குண்டின் வீழ்ச்சியாக வருகிறது. விழுந்துகொண்டே இருக்கிறது, தரையைத் தொடுவதே இல்லை. கேட்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது.

மேத்யூஸின் ‘சயன்ஸ்’ கட்டுரை 1964-இல் கலிஃபோர்னியாவில் ஒரு டிரம் வாசிப்பவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜான் சௌனிங் அப்போது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசை மாணவர். பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடம் பயின்றவர். பொறியியல் படித்ததில்லை, கணினியைத் தொட்டதில்லை. அந்தக் கோடையில் பெல் ஆய்வகத்துக்கு நேரே போய் மேத்யூஸைப் பார்த்து, நிரல் அடங்கிய துளையட்டைப் பெட்டியோடு திரும்பி வந்தார். பல்கலைக்கழகத்துச் செயற்கை அறிவு ஆய்வகத்தின் கணினியில் இடம் கிடைத்தது. டியூபா வாசிக்கும் டேவிட் பூல் என்ற இளங்கலை மாணவர் நிரலை ஓடவைக்க உதவினார். ரோபோவின் கண்ணுக்கும் சதுரங்க ஆட்டத்துக்கும் வாங்கிய இயந்திரம் அது. இசைக்காரர்களுக்கு இரவு நேரம்.

சௌனிங்கின் கனவு, இடம். அதாவது ஒலி எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும் சுருதியைப்போல இசையமைக்க வேண்டும். நான்கு ஒலிபெருக்கிகளை மூலைக்கொன்றாக வைத்து, நடுவில் உட்கார்ந்தவரைச் சுற்றி ஒலியைப் பறக்கவிட நினைத்தார். தூரத்தைக் காட்ட, ஒலியளவை மட்டும் குறைத்தால் போதாது. பக்கத்தில் மெல்லப் பேசுபவரையும் தூரத்தில் கத்துபவரையும் காது எப்படிப் பிரிக்கிறது? நேரே வரும் ஒலிக்கும் சுவரில் பட்டு எதிரொலித்து வரும் ஒலிக்கும் உள்ள விகிதத்தை வைத்து. தூரம் கூடக் கூட நேரொலி குறையும், எதிரொலி அறைக்குள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வேகத்துக்கு, நம்மைக் கடந்து போகும் ரயிலின் ஊதல் சட்டென்று தாழும் டாப்ளர் விளைவு. இதையெல்லாம் நிரலாக்கிய பிறகு ஒரு சிக்கல் முளைத்தது: கணினி எழுப்பிய ஒலிகள் இவ்வளவு மொட்டையாக இருந்தால் காது அவற்றின் இடத்தைப் பிடிக்கத் திணறுகிறது. உள்ளுக்குள் கொஞ்சம் உயிர்த்துடிப்புள்ள ஒலி வேண்டும்.

அதற்காகத்தான் 1967-இல் வைப்ரேட்டோவை எடுத்தார். மேற்கத்தியப் பாடகர்கள் நீண்ட சுரத்தைப் பிடிக்கும்போது சுருதி நொடிக்கு ஐந்தாறு முறை லேசாக மேலும் கீழும் ஆடும், அதுதான் வைப்ரேட்டோ. கணினியில் இதைச் செய்ய இரண்டு அலைகள் போதும். ஒன்று நாம் கேட்கும் சுரம். இன்னொன்று அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணை ஆட்டும் கை. ஆட்டத்தின் வேகத்தையும் வீச்சையும் எண்களாகத் தட்டலாம். மனிதத் தொண்டை நொடிக்கு ஏழெட்டு முறைக்கு மேல் ஆட்டாது. எண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சௌனிங் வேகத்தைப் பத்தாக்கினார், இருபதாக்கினார், நூறாக்கினார், வீச்சையும் அளவுக்கு மீறிக் கூட்டினார். ஏதோ ஓரிடத்தில் ஆட்டம் மறைந்துபோனது. மேலும் கீழும் போகும் சுருதி கேட்கவில்லை. அதற்குப் பதில் அசையாமல் நிற்கும் ஒரே ஒலி, செறிவான, உலோகத் தன்மையுள்ள புதிய நாதம். இரண்டே இரண்டு எளிய அலைகளிலிருந்து வந்தது அது.

கணிதம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னோர் அலையால் ஆட்டுவதற்கு அதிர்வெண் பண்பேற்றம் என்று பெயர், எஃப்.எம். வானொலி நடப்பது அதில்தான். வானொலிப் பொறியாளர் ஜான் கார்சன் 1922-இலேயே அதைச் சூத்திரமாக அலசியிருந்தார், பெஸல் என்ற வானியலரின் பெயரால் அழைக்கப்படும் சார்புகளைக் கொண்டு. ஆனால் வானொலியில் ஊர்தி அலையின் அதிர்வெண் கோடிக்கணக்கான ஹெர்ட்ஸ், அதை ஆட்டுவது மனிதக் குரல். இரண்டையுமே காது கேட்கும் எல்லைக்குள் இறக்கி, வருவதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்ற எண்ணம் பொறியாளர்களுக்கு வரவில்லை. அவர்களுக்கு அதற்குத் தேவையும் இல்லை.

சூத்திரம் சொல்வது இது. ஊர்தி அலையின் இருபுறமும், ஆட்டும் அலையின் அதிர்வெண்ணைச் சம இடைவெளியாகக் கொண்டு, பக்க அலைகள் முளைக்கின்றன. ஊர்தி 440, ஆட்டுவதும் 440 என்றால் மேற்புறம் 880, 1320, 1760. கீழ்ப்புறம் முதலில் பூஜ்யம், பிறகு கழித்தல் 440. கழித்தல் அதிர்வெண் என்று ஒன்று காதுக்குக் கிடையாது. அது தலைகீழாகத் திரும்பி 440 ஆகவே ஒலிக்கிறது. மொத்தத்தில் எல்லாம் 440-இன் மடங்குகள். ஆகவே ஊதும் கருவியின் நாதம். இப்போது ஊர்தியை 200 என்றும் ஆட்டுவதை 280 என்றும் வையுங்கள். மேலே 480, 760, 1040. கீழே 80, 360, 640. இவை ஓர் அடிப்படைச் சுரத்தின் ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையான மடங்குகளாக அமையவில்லை. சட்டென்று தொடங்கி, 15 நொடி நேரம் மெல்லத் தேயவிட்டால் கோயில் மணி. சௌனிங் தன் கட்டுரையில் மணிக்குக் கொடுத்த எண்கள் இவையேதான்.

மடங்கு ஒழுங்கு இல்லாத ஒலிகள் மணிக்கும் தட்டுக்கும் தோல் வாத்தியங்களுக்கும் உரியவை. தோல் வாத்தியங்களில் ஒரு பெரிய விலக்கு நம் மிருதங்கம். வலந்தலையின் நடுவில் ஏற்றும் கருப்புச் சாந்து அந்தத் தோலின் மேற்சுரங்களை ஒழுங்கான மடங்குகளாக இழுத்துப் பிடிக்கிறது என்று சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். கணினியில் ஒரு எண்ணை மாற்றிச் செய்வதை நம்மவர்கள் சாந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துச் செய்தார்கள், காதை மட்டும் நம்பி.

திரும்பவும் டிரம்பெட்டுக்கு வருவோம். பக்க அலைகள் எத்தனை முளைக்கும் என்பது ஆட்டத்தின் வீச்சைப் பொறுத்தது. பண்பேற்றக் குறியீட்டெண் என்ற ஒரே எண் அதைத் தீர்மானிக்கிறது. எண் சிறியதாக இருந்தால் ஓரிரு பக்க அலைகள், எண் பெரிதாகப் பெரிதாக மேலும் மேலும் விரியும். 1971-இல் சௌனிங்குக்கு ரிஸேயின் விதி நினைவுக்கு வந்தது: ஒலி பலக்கும்போது உயர்ந்த மேற்சுரங்கள் கூட வேண்டும். ஒலியளவு ஏறி இறங்கும் வளைகோட்டையே எடுத்துக் குறியீட்டெண்ணுக்கும் மாட்டிவிட்டார். சுரம் எழும்போது எண் பூஜ்யத்திலிருந்து ஐந்துக்கு ஏறும், அடங்கும்போது இறங்கும். அவ்வளவுதான். ரிஸே டிரம்பெட்டைக் கட்ட ஒவ்வொரு மேற்சுரத்துக்கும் தனித்தனி அலையும் தனித்தனி வளைகோடும் போட்டார். அந்த வேலையை இரண்டு அலையும் ஒரு வளைகோடும் செய்துவிட்டன. கணினி நேரம் பொன்னாக இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய சிக்கனம்!

கட்டுரை 1973 செப்டம்பரில் ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் வந்தது. ஸ்டான்ஃபோர்டின் காப்புரிமை அலுவலகம் அதற்கு முன்பே இதை விற்க அலைந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஆர்கன் கம்பெனிகள் ஆள் அனுப்பின, கேட்டன, போய்விட்டன. சக்கரம், குழாய், மின்சுற்று என்று பழகியவர்களுக்கு எண்களால் கருவி செய்வது ஏறவில்லை. ஜப்பானின் யமஹா அனுப்பிய இளம் பொறியாளர் இஷிமுராவுக்கு மட்டும் சில நிமிடங்களில் விளங்கிவிட்டது. இதற்கிடையில் பல்கலைக்கழகம் சௌனிங்குக்கு நிரந்தரப் பணி தர மறுத்து அவரை வெளியே அனுப்பியிருந்தது. யமஹாவோடு 1975-இல் உரிம ஒப்பந்தம் கையெழுத்தானபோது, கண்டுபிடித்தவரே ஊழியராக இல்லாத சங்கடம். ஆராய்ச்சியாளர் என்ற பெயரில் திரும்ப அழைத்தார்கள். பிறகு பேராசிரியர் ஆக்கினார்கள். அதே 1975-இல் கணினி இசைக்கும் ஒலியியலுக்குமான ஆய்வு மையம் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. காப்புரிமை ஸ்டான்ஃபோர்டுக்கு ஈட்டித் தந்தது 2 கோடி டாலருக்கும் மேல்.

யமஹா இதைச் சிறு சில்லுக்குள் அடக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1983-இல் டி.எக்ஸ்.7 என்ற விசைப்பலகை வந்தது. ஆறு அலைகள், அவற்றை ஒன்றையொன்று ஆட்டுமாறு கோக்க 32 வழிகள், ஒரே நேரத்தில் 16 சுரங்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. அந்தப் பத்தாண்டின் மெல்லிசைப் பாடல்களில் பளிங்கு போல் ஒலிக்கும் மின்பியானோ அதனுடையது. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் அந்தக் காலத்தில் இத்தகைய விசைப்பலகைகள் வந்து சேர்ந்தன. வேடிக்கை என்னவென்றால், வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதில் புது ஒலி எதையும் உருவாக்கவில்லை. கம்பெனி போட்டுக் கொடுத்த ஒலிகளையே வாசித்தார்கள். சிறிய திரை, ஏராளமான எண்கள், ஓர் எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று ஊகிக்கவே முடியாத அமைப்பு. ஒலியைத் தேடுவதற்காகப் பிறந்த முறை, தேடாமல் இருக்க வசதியான பெட்டியாக வீடுகளுக்குள் போயிற்று. பிறகு அதே தொழில்நுட்பம் கணினியின் ஒலி அட்டைகளிலும் வீடியோ விளையாட்டுகளிலும் இறங்கியது. 2000-க்குப் பிறகு வந்த கைபேசிகளில் பல சுரங்களோடு ஒலித்த அழைப்பு மணிகளில் பலவற்றுக்கும் யமஹா சில்லுகளே மூலம்.

சௌனிங் இசையமைப்பாளராக எழுதியது மிகக் குறைவு. முக்கியமானவை கைவிரல்களுக்குள் அடங்கும். பொதுவாகவே இந்தத் துறையின் படைப்புகளில் கணிசமானவை, கருவி என்ன செய்யும் என்று காட்டும் செயல்விளக்கங்களாக நின்றுவிட்டவை. வெறும் மேடையில் நான்கு ஒலிபெருக்கிகளைப் பார்த்தபடி முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் கச்சேரிகளைப் பற்றிக் கேலிகள் நிறைய உண்டு, கேலியில் நியாயமும் உண்டு. 1972-இல் வந்த ‘துரெனாஸ்’, ஒலிகள் அரங்கத்தைச் சுற்றிப் பறக்கும் துண்டு, அந்தக் கேலியிலிருந்து தப்பியது. 1977-இல் பாரிஸில் அரங்கேறிய ‘ஸ்ட்ரியா’ இன்னொன்று. அதை எழுதச் சொன்னவர் இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோ. எழுதச் சொன்ன நிறுவனம், பியேர் பூலேஸ் தொடங்கிய இர்க்காம் ஆய்வுக்கூடம்.

‘ஸ்ட்ரியா’வில் நடப்பது பார்க்க அழகான கணக்கு. நாம் பழகிய இசையில் ஒரு சுரத்தின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கினால் மேல் ஸ்தாயி. சௌனிங் இரண்டுக்குப் பதில் பொன் விகிதமான 1.618-ஐ வைத்தார். அந்த எண்ணுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: அதனோடு ஒன்றைக் கூட்டினால் அதன் வர்க்கம் கிடைக்கும், அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் அதன் தலைகீழி கிடைக்கும். ஊர்தி அலை 1000 ஹெர்ட்ஸ், ஆட்டும் அலை 1618 ஹெர்ட்ஸ் என்று வைப்போம். மேல் பக்க அலை 2618. இது இரண்டு ‘ஸ்தாயி’ மேலே உள்ள சுரம். கீழ்ப் பக்க அலை திரும்பி ஒலிப்பது 618. இது ஒரு ‘ஸ்தாயி’ கீழே. நாதத்துக்குள் முளைக்கும் அலைகளே மெட்டின் சுரங்களாக வந்து விழுகின்றன. எந்தச் சாதாரண மரபுப்படியும் இவை மடங்கு ஒழுங்கு இல்லாத, மணியைப்போன்ற ஒலிகள். பல சேர்ந்தால் கடகடவென்று மோத வேண்டும். மோதவில்லை. கண்ணாடிப் பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைவதுபோல் மெதுவாகப் படர்கின்றன. கேட்பவர் விகிதத்தைக் கண்டுபிடிக்க மாட்டார். ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று மட்டும் காதுக்குப் படும்.

இதைச் சோதித்துப் பார்க்க இப்போது பல்கலைக்கழகம் தேவையில்லை. இர்க்காமில் 1980களில் மில்லர் பக்கெட் எழுதிய நிரலுக்கு, மேத்யூஸைப் போற்றும் விதமாக, ‘மேக்ஸ்’ என்றே பெயர். அவரே பிற்பாடு எழுதிய ‘ப்யூர் டேட்டா’ இலவசம். இரண்டு அலைகளைக் கோத்து, மேலே சொன்ன 200-ஐயும் 280-ஐயும் தட்டிப் பாருங்கள்.

1979-இல் சௌனிங் இர்க்காமில் பாடகியின் குரலைக் கட்டினார். பின்னால் ‘ஃபோனே’ என்ற படைப்பில் அது பயன்பட்டது. முதலில் அடிப்படை அதிர்வெண் மட்டும், வெறும் ஊதல். பிறகு மேற்சுரங்களை ஒவ்வொன்றாக, ஒரு சோப்ரானோ குரலில் இருக்க வேண்டிய பலத்தோடு, சேர்த்தார். எல்லாம் சேர்ந்த பிறகும் குரல் கேட்கவில்லை. சில ஊதல்கள் ஒன்றாக ஒலிப்பதுபோலத்தான் இருந்தது. பிறகு எல்லா மேற்சுரங்களுக்கும் ஒரே நேரத்தில், ஒரே விகிதத்தில், லேசான வைப்ரேட்டோவையும் ஒழுங்கற்ற நடுக்கத்தையும் கொடுத்தார். அந்தக் கணமே ஒரு பெண் பாடினாள். மூன்று குரல்களுக்கு வேண்டிய மேற்சுரங்களை மொத்தமாக ஒலிக்கவிட்டாலும் அப்படித்தான். அசையாமல் இருக்கும்வரை அது ஒரே திரளான ஒலி. ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனி ஆட்டம் கொடுத்ததும் மூன்று பாடகிகள் பிரிந்து நின்றார்கள்.

ஒன்றாக அசைபவை ஒரே பொருளிலிருந்து வருகின்றன என்று காது முடிவு செய்கிறது. இரைச்சலான கூடத்தில் ஒருவர் பேச்சை மட்டும் தொடர்வது எப்படி என்ற பழைய புதிருக்கு இது ஒரு பதில். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்காக இதை ஆராய்ந்த ஸ்டீபன் மெக்காடம்ஸ், இசையமைப்பாளர் ரோஜர் ரெனால்ட்ஸின் ‘ஆர்க்கிபெலகோ’ படைப்புக்காக ஓர் ஓபோ சுரத்தை எடுத்துக்கொண்டார். அதன் ஒற்றைப்படை மேற்சுரங்களை ஒரு பக்கமும் இரட்டைப்படை மேற்சுரங்களை இன்னொரு பக்கமும் கணினியில் பிரித்தார். இரண்டுக்கும் ஒரே நடுக்கம் இருக்கும்வரை கேட்டது ஓபோ. நடுக்கங்களை மெல்ல மெல்ல வேறுபடுத்தினார். மேற்சுரம் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனாலும் ஓபோ காணாமல் போய், அதே சுருதியில் கிளாரினெட் போன்ற ஒன்றும், ஒரு ஸ்தாயி மேலே பெண் குரல் போன்ற ஒன்றும் அரங்கத்தின் இரு பக்கங்களிலிருந்து கேட்டன.